குட்மேய்ஸில் ஒரு படையணி

சின்ன வயதில் நானும் ஒரு படையில் இருந்தேன் என்று சொன்னால், என் வயதுக்காரர்களாகிய நீங்கள் உடனே தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்க்கிறீர்கள். பயப்படாதீர்கள். நீங்கள் நினைக்கும் படை இல்லை. எங்கள் படையிடம் துவக்கு கிடையாது. கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த பிறகுதான் அது கூடும். ஆயுதம் என்று பார்த்தால் மண்டபத்துக்குச் சொந்தமான பெரிய தேத்தண்ணிக் கேத்தில் ஒன்று இருந்தது. அதன் குழாயைத் திருப்பத் தெரியாதவர்கள் கையைச் சுட்டுக்கொள்வார்கள். நான் அறிய எங்கள் படையில் பட்ட காயம் அவ்வளவுதான்.

உண்மையில் படை எங்களுடையது அல்ல, எங்கள் அப்பப்பாக்களுடையது. மலாயாவை ஜப்பான்காரர் பிடித்து வைத்திருந்த காலத்தில், இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரரைத் துரத்துவதற்கென்று அங்கே ஒரு படை எழும்பியது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்கள், கடை வைத்திருந்தவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்குப் போனவர்கள் என்று பலரும் அதில் சேர்ந்தார்கள். ஜப்பான்காரரோடு சேர்ந்து பர்மா எல்லை வரை போனார்கள், தோற்றார்கள், மிஞ்சியவர்கள் நடந்தே திரும்பினார்கள். அவர்களின் பிள்ளைகள் சிலர் பிற்காலத்தில் லண்டனுக்கு வந்து சேர்ந்து, படைவீரர் வழித்தோன்றல் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரரோடு சண்டை பிடித்தவர்களுக்கு வெள்ளைக்காரரின் ஊரிலேயே மண்டபம் எடுத்து மரியாதை செய்வதில் ஒரு வேடிக்கை இருப்பதாகப் பெரியவர்கள் ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

மண்டபத்தின் திறப்பை, அதாவது சாவியை, வைத்திருந்தவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். முதல் நாளே அவர் வந்து, இது என்ன கூட்டம் என்று கேட்டாராம். யுத்தத்தில் சண்டை பிடித்த எங்கள் தகப்பன்மாரை நினைவுகூருகிறோம் என்று தலைவர் மாமா பதில் சொன்னாராம். எந்தப் பக்கம் நின்று சண்டை பிடித்தார்கள் என்று அவர் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நாங்கள் அணிவகுக்கும்போதெல்லாம் அந்த மனிதர் வாசலில் நின்று தன் தொப்பியைக் கழற்றுவார். நவம்பர் மாதத்தில், யுத்தத்தில் செத்த தங்கள் சிப்பாய்களை நினைத்து வெள்ளைக்காரர் அணியும் காகிதப் பொப்பிப் பூக்களை எங்கள் எல்லோருக்கும் கொண்டு வருவார். நாங்களும் நெஞ்சில் குத்திக்கொண்டு, அவருடைய ராசாவை எதிர்த்த படையின் பாட்டுக்கு நடை போடுவோம். அவரும் பர்மாவில் நின்றவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில வேளை நினைப்பதுண்டு.

தலைவர் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்களுக்கு உறவில்லை, ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாமா. குள்ளமான, சிரித்த முகமுள்ள மனிதர். அவருடைய தகப்பனார் படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்தவர் என்று அம்மா சொல்லுவார். சங்கம் தொடங்கிய ஆண்டு அந்தத் தகப்பனார் ஹவில்தார் ஆனார். அடுத்த ஆண்டு சுபேதார். நான் சொல்லப்போகும் ஆண்டில் அவர் கப்டனாகிவிட்டார். செத்த பிறகு இவ்வளவு வேகமாகப் பதவி உயர்வு பெற்ற ஒரு மனிதரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

எங்கள் அப்பா சங்கத்தின் செயலாளர். கவுன்சிலில் வேலை. வீட்டில் மெதுவாகப் பேசுகிறவர், மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவருக்கு வேறொரு குரல் வந்துவிடும். எங்கள் வீட்டு முன்னறையில், காஸ் ஹீற்றருக்கு மேலே, அப்பப்பா காக்கி உடுப்போடு நிற்கும் படம் தொங்கியது. ஹீற்றர் சூட்டில் அந்தப் படத்தின் சட்டத்திலிருந்து வார்னிஷ் மணம் வரும். வருகிறவர்கள் எல்லோரிடமும் அப்பா அதைக் காட்டிச் சொல்லுவார்.

"இவர் என்ர அப்பா. மலாயா ரயில்வேயிலை ஸ்டேஷன் கிளார்க். வேலையை உதறிப்போட்டுப் படைக்குப் போனவர்."

அந்த ஸ்டேஷனின் பெயரையும் சொல்லுவார். பிறகு படம் கொஞ்சம் சரிந்திருந்தால் நேராக்குவார். சரியாமல் இருந்தாலும் நேராக்குவார்.

பிள்ளைகளாகிய எங்களுக்கு ஆளுக்கொரு தொப்பி இருந்தது. படகைக் கவிழ்த்த மாதிரி இருக்கும் காக்கித் தொப்பி. அம்மா பழைய திரைச்சீலையை வெட்டித் தைத்து, சோற்றுக்கஞ்சி போட்டு விறைப்பாக்கியது. வெயிலில் சும்மா இருக்கும். மழையில் நனைந்தால் கஞ்சி கரைந்து நெற்றியில் வடியும். லண்டன் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது எங்கள் படை முழுவதும் பழங்கஞ்சி மணத்தது. அந்தத் தொப்பி எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. இன்றைக்கு அது கையில் கிடைத்தால் முகத்தில் வைத்து மோந்து பார்ப்பேன்.

வருடத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில், பெயர் கூப்பிடும் நாள் வரும். அதுதான் சங்கத்தின் பெரிய திருநாள். பிள்ளைகள் வரிசையாக நிற்க வேண்டும். பெரியவர்கள் பின்னால். அப்பா மேடையில் ஏறி, படையில் இருந்த ஒவ்வொருவரின் பதவியையும் பெயரையும் உரத்துக் கூப்பிடுவார். அந்த மனிதரின் குடும்பத்தில் இருந்து ஒருவர் ஓரடி முன்னால் வந்து, "ஆஜர், ஐயா!" என்று சொல்ல வேண்டும். செத்துப்போனவருக்காக இருக்கிறவர் பதில் சொல்வதுதான் முறை. எல்லாப் பெயரும் முடிந்த பிறகு, "அணி கலையலாம்" என்று அப்பா சொல்லும் வரை ஒருவரும் அசையக்கூடாது. அப்பப்பாவுக்கு எங்கள் வீட்டில் ஆஜர் சொல்கிறவள் நான்தான். என்னுடைய குரல் கீச்சுக் குரல். ஒரு லெப்டினன்டுக்கு அது பொருத்தமில்லை என்று அண்ணா கேலி செய்வான்.

அந்த ஆண்டு வசந்தத்தில்தான் சிஸ்டர் அன்ரி வந்து சேர்ந்தார். கன்னியாஸ்திரி இல்லை, ஆஸ்பத்திரி வார்ட் சிஸ்டர். அம்மாவும் அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். அன்ரி மலேசியாவில், ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். நேர்சிங் படிக்கவென்று லண்டனுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். கலியாணம் கட்டவில்லை. இல்ஃபோர்ட்டில் ஒரு பிளாட், சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் கார், ஊரையே அதட்டக்கூடிய ஒரு குரல். கட்டிப் பிடித்தால் டெட்டோலும் பச்சைத் தைலமும் சேர்ந்து மணக்கும்.

அம்மாவோடு சும்மா வேடிக்கை பார்க்கத்தான் மண்டபத்துக்கு வந்தார். எங்கள் நடையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கைப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"என்னா இது, கோழி மேயுற மாதிரி நடக்குறீங்க? தோளை நிமித்துங்க! எங்க மேட்ரன் பார்த்திருந்தா ஒங்க எல்லாரையும் பெட்பேன் கழுவ அனுப்பியிருப்பா."

எங்களைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். அவர் பார்த்தது தலைவர் மாமாவை. மாமாவும் உடனே தோளை நிமிர்த்திக்கொண்டார். அந்த நாளிலிருந்து நடைப் பயிற்சி அன்ரியின் பொறுப்பு. வரும்போதெல்லாம் ஒரு பெரிய டப்பா நிறையக் கறிபாப் கொண்டு வருவார். உள்ளே உருளைக்கிழங்கு, வெளியே எண்ணெய் ஒழுகும் மடிப்பு. அணி கலைந்ததும் நாங்கள் அந்த டப்பாவை நோக்கி ஓடிய வேகத்தில் ஒருநாளாவது எதிரியை நோக்கி ஓடியிருந்தால் யுத்தத்தை வென்றிருப்போம்.

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. அம்மாவுக்குப் பகல் ஷிப்ட் இருந்த நாட்களில் என்னை அன்ரியின் பிளாட்டில் விட்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த கோடை வேறில்லை. அன்ரி இரவு வேலை முடித்து வந்து சோபாவிலேயே தூங்குவார். நான் பக்கத்தில் இருந்து படம் கீறுவேன். எழும்பியதும் நூடில்ஸில் முட்டையும் மிளகாயும் போட்டு வறுத்துத் தருவார். மூக்கில் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிடுவேன்.

பெயர் கூப்பிடும் நாள் கிட்ட வந்தது. ஒரு ஞாயிறு, பயிற்சி முடிந்து பெரியவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, அன்ரி தலைவர் மாமாவிடம் வந்தார். அப்பாவும் பக்கத்தில் இருந்தார். நான் கறிபாப்போடு மேசைக்குக் கீழே இருந்தேன்.

"அண்ணே, ஒரு உதவி. எங்க அப்பா பேரையும் அன்னைக்குக் கூப்பிடுவீங்களா?"

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, உங்கட அப்பாவும் படையோ? இவ்வளவு நாளாச் சொல்லேல்லையே! எந்தப் பிரிவு?"

"படையில்ல. சயாமுல ரயில் பாதை போட ஜப்பான்காரன் கூட்டிட்டுப் போனான். திரும்பி வரல."

மாமா கோப்பைக்குள் பார்த்தார். அப்பாதான் பேசினார். அவர் கெட்டவர் இல்லை, ஒழுங்கு பார்க்கிறவர். ஆனால் அன்று அவர் வாயில் வந்த சொல் கெட்ட சொல்.

"சிஸ்டர், கோவியாதேங்கோ. இது படைக்குப் பேர் குடுத்த ஆக்களுக்கு. அது கூலியளின்ட கதையெல்லோ. அது வேற."

"ஆமா லா, கூலிதான்," என்றார் அன்ரி. சிரித்தார் கூட. "எங்கப்பா கூலிதான். சரி, விடுங்க. இன்னொரு கறிபாப் எடுத்துக்குங்க."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா அப்பாவுக்கு முன்னால் தட்டை வைத்த விதத்தில் புட்டு துள்ளி விழுந்தது.

அடுத்த நாள், பள்ளிக்கூடம் விட்டு அன்ரியின் பிளாட்டுக்குப் போனபோது, நான் அவரிடமே கேட்டேன். பிள்ளைகள்தானே, நேராகக் கேட்டுவிடுவோம்.

"உங்கட அப்பா ஏன் திரும்பி வரேல்லை?"

அன்ரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கிக்கொண்டே சொன்னார். தோட்டத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று ஜப்பான்காரர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆம்பிளைகள் எல்லோரும் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்தி, அப்படியே லொறியில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செய்தி கேட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறார்கள். அன்ரிக்கு அப்போது ஆறு வயது. சாமான் ஏற்றும் பெட்டிகளில் ஆட்களை அடைத்திருந்தார்களாம். எந்தப் பெட்டியில் அப்பா இருக்கிறார் என்று தெரியாமல் ஒவ்வொரு பெட்டியாக ஓடிக் கூப்பிட்டாராம்.

"அங்க ஒரு கிளார்க்கையா நின்னாரு. வெள்ளைக் கோட்டு. ஒங்க ஆளுங்க மாதிரியே தமிழ் பேசினாரு. 'அழாதை பிள்ளை, மூண்டு மாசத்திலை வந்திடுவினம்'னு சொன்னாரு. நான் வூட்டுக்குப் போய் மூணு மாசத்துக்கு அழவே இல்ல."

அந்த ஸ்டேஷனின் பெயரையும் சொன்னார். எங்கள் முன்னறையில் எத்தனையோ முறை கேட்ட பெயர். அப்படியென்றால் அந்தக் கிளார்க்கையா எங்கள் அப்பப்பாதான். எனக்குப் பெரிய சந்தோஷம். நாங்களும் அன்ரியும் ஏதோ ஒரு வழியில் சொந்தக்காரர் என்பதுபோல எனக்குப் பட்டது. வீட்டுக்கு ஓடிப்போய், வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் அதை அப்படியே சொன்னேன். மூன்று மாதக் கதையையும் சொன்னேன், அப்பப்பா மாதிரிக் குரலை மாற்றி.

அப்பா ஒரு சப்பாத்தோடு இருந்தார். மற்றச் சப்பாத்தைக் கழற்றவில்லை. அம்மா வந்து என்ன என்று கேட்டதும் சொன்னார்.

"நானும் அங்கைதான் நிண்டனான். எங்கட குவாட்டர்ஸ் பிளாட்பாரத்துக்குப் பின்னாலை. பெட்டி இடுக்குக்குள்ளாலை கையள் மட்டும் வெளியிலை நீட்டிக்கொண்டிருக்கும். அப்பா வாளியிலை தண்ணி கொண்டு போய்க் குடுத்தவர். வேற ஒண்டும் செய்ய ஏலேல்லை அவராலை. கொடியை ஆட்டி ரயிலை அனுப்பினதும் அவர்தான். எத்தினை ரயில் எண்டு எனக்குத் தெரியாது."

"இவ்வளவு காலமும் சொல்லேல்லையே," என்றார் அம்மா. நேற்றைய கோபம் அவர் குரலில் இல்லை.

"நாட்டுக்காக வேலையை விட்டவர் எண்டு எல்லாருக்கும் சொல்லுறன். அதுவும் உண்மைதான். ஆனா அந்த ஸ்டேஷனிலை இன்னொரு நாள் நிக்க ஏலாமல்தான் அவர் போனவர். ஒண்டும் சாப்பிடமாட்டார். நான் பாத்தனான்."

இதை எழுதும்போது எனக்கு அப்பாவின் அந்த வயதைவிடக் கூட வயது. ஒரு ஏழு வயதுப் பையன் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் காக்கி உடுப்புப் படத்தை மட்டும் நேராக்கிக்கொண்டிருந்தான். இப்போது அதை நினைத்தால் எனக்கு அவர்மேல் கோபமே வருவதில்லை. பாவம் என்றுதான் வருகிறது.

அந்த வாரம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அன்ரியின் பிளாட்டுக்குப் போனார். கறிபாப் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்று சொன்னார். டப்பாவைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார். அன்ரி இருக்கச் சொன்னார். இருந்தார். குளிர்காலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சிஸ்டர்," என்றார். "நீங்கள் பிள்ளைக்குச் சொன்ன அந்தக் கிளார்க்..."

"தெரியும்ண்ணே."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"முதல் தடவை ஒங்க வூட்டுக்கு வந்தப்ப ஸ்டேஷன் பேரு சொன்னீங்கல்ல. அப்பவே தெரியும். மொகம் ஞாபகமில்ல எனக்கு. ஆனா பேரு மறக்குமா?"

"தெரிஞ்சும் எங்கட வீட்டை வந்தனீங்களோ? அந்தப் படத்துக்குக் கீழை இருந்து சாப்பிட்டனீங்களோ?"

"எங்கப்பாவைக் கடைசியாப் பார்த்தவரு அவருதானேண்ணே," என்றார் அன்ரி. "அவரு பேரைக் கூப்பிடுற எடத்துல எங்கப்பா பேரும் ஒரு தடவை கேக்கணும்னு ஆசைப்பட்டேன். வேற ஒண்ணுமில்ல."

அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். அன்ரி எழும்பி ஒரு துவாயை எடுத்து வந்து, வார்டில் நோயாளிக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு, எனக்கு முட்டை வறுக்கப் போனார்.

பெயர் கூப்பிடும் நாள் வந்தது. மழை. எல்லோர் நெற்றியிலும் கஞ்சி. திறப்புக்கார வெள்ளைக்காரர் வழக்கம்போல வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அப்பா மேடையில் ஏறிக் கூப்பிடத் தொடங்கினார். தலைவர் மாமாவின் தகப்பனார் அன்று கப்டனிலிருந்து மேஜராகிவிட்டார் என்று அறிந்துகொண்டோம். அப்பப்பாவின் முறை வந்தது. நான் முன்னால் போய்க் கீச்சுக் குரலில் ஆஜர் சொன்னேன்.

எல்லாப் பெயரும் முடிந்தன. நாங்கள் கலையச் சொல்லும் சொல்லுக்காகக் காத்து நின்றோம். அப்பா அதைச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பதவி ஒன்றும் சொல்லாமல், ஒரு பெயரைக் கூப்பிட்டார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அன்ரியின் சொத்து, கேட்காமல் எடுக்க எனக்கு உரிமை இல்லை.

தலைவர் மாமா திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி அன்ரியைப் பார்த்தார். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது, அன்ரி சொல்லிக்கொடுத்த மாதிரித் தோளை நிமிர்த்தி நேராக நின்றார்.

அன்ரி தேத்தண்ணிக் கேத்திலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஊரையே அதட்டுகிற மனுஷி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்பா இரண்டாம் முறையும் கூப்பிட்டார், இந்தமுறை மண்டபக் கண்ணாடி அதிர. அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"இன்னும் வரல, ஐயா."

ஆஜர் சொல்வதுதான் முறை. முறை தவறினால் அப்பா பொறுக்கமாட்டார், பிள்ளைகளை மறுபடி சொல்லவைப்பார். நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சரி என்று தலையை மட்டும் அசைத்தார். அதன் பிறகுதான் கலையச் சொன்னார். சொன்ன பிறகும் எங்களில் ஒருவரும் கறிபாப்புக்கு ஓடவில்லை.

சங்கம் அதன் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அப்பா கடைசியாக அந்தப் பெயரைக் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் அன்ரி முன்னால் வந்து, வரவில்லை என்றே சொன்னார். அப்பா ஒருமுறைகூட அவரைத் திருத்தவில்லை.